க்ளோவிஸ் குடும்பத்தைத் தேடி: அம்மாவோடு எட்டு நாள்

நேற்று மாலைதான் லீல் திரும்பினோம். போன ஊர்களில் அன்றன்று இரவு எழுதி வைத்ததை அதிகம் திருத்தாமல் அப்படியே போடுகிறேன்.

தம்பி பிரான்ஸின் வடக்கே லீல் நகரில் வேலை பார்க்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா மூன்று மாதமாக அங்கே இருக்கிறார். நான் விடுப்பில் போனபோது, வீட்டுக்குள்ளேயே இருக்கும் அம்மாவை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றியது. ஈஃபிள் கோபுரத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. எனக்கோ கல்லூரி நாளிலிருந்து க்ளோவிஸ் மேல் ஒரு பிடிப்பு. 1,500 வருடத்துக்கு முன்னால் இன்றைய பிரான்ஸை ஆண்டவன். பாடப்புத்தகத்தில் அவன் ஒரே வரி: ஃபிராங்க் இனத்து அரசன், கிறித்தவன் ஆனான். பிறகு தேடிப் படித்தபோதுதான் அந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய குடும்பம், எவ்வளவு ரத்தம் என்று தெரிந்தது. அவன் அப்பா புதைக்கப்பட்ட தூர்னே, அவன் முதலில் வென்ற சுவாசோன், ஞானஸ்நானம் வாங்கிய ரான்ஸ், இறந்த பாரிஸ் என்று வரிசையாகப் போகலாம் என்றேன். "ராஜா கதைதானே, வழியில் சொல்லிக்கொண்டே வா" என்று அம்மா கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 9, செவ்வாய், தூர்னே

லீலிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பெல்ஜியத்துக்குள் எப்போது நுழைந்தோம் என்றே தெரியவில்லை, ஜன்னலில் மழை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. நிலையத்துக்கு வெளியே வந்த இரண்டாவது நிமிடத்தில் காற்று அம்மாவின் குடையை மடக்கிக் கம்பியை ஒடித்துவிட்டது. புதுக்குடை 12 யூரோ. அம்மா அந்தத் தொகையை மனதுக்குள் ரூபாயாக மாற்றுவது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் பார்க்க நினைத்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. சரி என்று எஸ்கோ ஆற்றைத் தாண்டி நேரே புனித பிரீஸ் தேவாலயப் பக்கம் போனோம். நான் இந்த ஊருக்கு வந்ததே அந்த இடத்துக்காகத்தான்.

1653 மே 27 அன்று இங்கே பழைய கட்டடம் ஒன்றைத் திருத்திக் கட்டத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அத்ரியான் கேன்கேன் என்ற கொத்தனார், காது கேளாதவர், வாய் பேசாதவர். அவர் மண்வெட்டியில் தங்கம் மின்னியது. தோண்டத் தோண்டத் தங்கக் காசும் வெள்ளிக் காசும் வாளும் ஒரு முத்திரை மோதிரமும் வந்தன. மோதிரத்தில் நீண்ட முடியும் கையில் ஈட்டியுமாக ஒரு ஆண் உருவம், சுற்றிலும் "சில்டெரிக் அரசனுடையது" என்று லத்தீன் எழுத்து. 481 அல்லது 482இல் இறந்த சில்டெரிக், க்ளோவிஸின் அப்பா. தங்கத்தில் செய்து சிவப்புக் கல் பதித்த தேனீக்கள் மட்டும் 300 போல இருந்தனவாம். 1980களில் மறுபடி தோண்டியபோது அந்தக் கல்லறையைச் சுற்றியிருந்த குழிகளில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகளின் எலும்பு கிடைத்தது.

இப்போது அங்கே ஈரமான கல் தளமும், நிறுத்தி வைத்த கார்களும், செங்கல் வீடுகளும்தான். நாங்கள் நின்றதைப் பார்த்து எதிர் வீட்டிலிருந்து ஒரு வயதானவர் கதவைத் திறந்து, மழையில் நிற்காமல் வாசல்படியில் ஏறி நிற்கச் சொன்னார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும், கையால் தரையைக் காட்டி "இங்கேதான், உங்கள் காலடியில்" என்றார். அவர் முகத்தில் தன் தாத்தாவின் சொத்தைக் காட்டுகிற பெருமை.

படியில் நின்றபடியே அம்மாவுக்கு சில்டெரிக் கதையைச் சொன்னேன். ஊர்ப் பெண்களிடம் முறைகேடாக நடந்ததால் அவன் மக்களே அவனைத் துரத்திவிட்டார்கள். துரிங்கியா நாட்டு அரசனிடம் போய் எட்டு வருடம் ஒளிந்திருந்தான். போகும்போது நண்பன் ஒருவனோடு தங்கக் காசு ஒன்றை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள், நண்பனிடமிருந்து பாதிக் காசு வந்தால் திரும்பலாம் என்று அடையாளம். வந்தது, திரும்பினான். பின்னாலேயே துரிங்கிய அரசனின் மனைவி பசினாவும் கணவனை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, உன் வலிமை தெரிந்து வந்தேன், கடலுக்கு அப்பால் உன்னைவிடப் பெரியவன் இருந்தால் அவனிடம் போயிருப்பேன் என்றாளாம். இவர்கள் பிள்ளைதான் க்ளோவிஸ். டூர் நகர ஆயர் கிரெகோரி நூறு வருடம் கழித்து எழுதி வைத்தது இது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "தைரியக்காரிதான்" என்றார்.

பிறகு பேராலயம். ஐந்து கோபுரம், தொலைவிலிருந்து பார்த்தால் கூடி நின்று ஏதோ பேசிக்கொள்வது போல இருக்கிறது. 1999இல் அடித்த சூறாவளியில் ஆட்டம் கண்டுவிட்டதாம், உள்ளே இன்னும் சாரம் கட்டி வேலை நடக்கிறது. சாரத்தின் வழியே சொட்டிய மழைநீரைப் பிடிக்க யாரோ ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள்.

மாலையில் பசி. உருளைக்கிழங்கு வறுவல் கடையில் வாசனையே ஆளை இழுத்தது. இங்கே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு என்று தம்பி சொல்லியிருந்ததால் கேட்டேன். கடைக்காரர் தயங்காமல், ஆமாம் அதில்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் எண்ணெயில் பொரிக்கும் கடை இருக்கிறது என்று காகிதத்தில் படம் போட்டே காட்டினார். தன் வியாபாரத்தை விட்டுக்கொடுத்த மனிதர். அந்தக் கடையில் 4 யூரோவுக்கு ஒரு கூம்பு நிறைய. சூடு, மேலே உப்பு, வெளியே மழை. அம்மாவுக்கு மயோனைஸ் பிடிக்கவில்லை, பையிலிருந்து ஊறுகாய் வெளியே வந்தது.

ஏப்ரல் 10, புதன், வழியில்

நாள் முழுக்க ரயில். லீல், பாரிஸ், அங்கிருந்து சுவாசோன். பாரிஸ் நிலையத்தில் ஒரு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் 7 யூரோ, ரொட்டி கல் மாதிரி. பசினா கதையின் மிச்சமாக அம்மா கேட்டது: "அவளுக்குப் பெண் பிள்ளைகள் இல்லையா?" க்ளோவிஸுக்கு மூன்று சகோதரிகள் பெயர் தெரிகிறது. ஆடோஃப்ளெடா, இத்தாலியை ஆண்ட தியோடரிக்குக்கு மணமாகி ரவென்னா போனாள். லாந்தெசில்டா ஒருத்தி. அல்போஃப்ளெடா ஒருத்தி, அவளைப் பற்றி ரான்ஸில் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 11, வியாழன், சுவாசோன்

இங்கேதான் 486இல் க்ளோவிஸ், சியாக்ரியுஸ் என்ற ரோமானியத் தலைவனைத் தோற்கடித்தான். ஃபிராங்க் இளைஞன், வயது இருபதுதான் இருக்கும். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஜாடிக் கதையும் இந்த ஊருடையது. கொள்ளையில் கிடைத்த ஒரு தேவாலய ஜாடியை ஆயர் திருப்பிக் கேட்டார். க்ளோவிஸ், பங்கு பிரிக்கும்போது அதை எனக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள் என்றான். ஒரு வீரன் மட்டும், உனக்குச் சீட்டில் விழுந்ததுதான் உனக்கு என்று சொல்லி ஜாடியைக் கோடாலியால் அடித்தான். க்ளோவிஸ் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் படையைப் பார்வையிடும்போது அதே வீரனின் ஆயுதம் சரியில்லை என்று பிடுங்கிக் கீழே போட்டு, அவன் குனிந்ததும் தலையில் கோடாலியை இறக்கினான். ஜாடிக்கு நீ செய்தது இதுதானே என்றானாம்.

எனக்கு இந்தக் கதையில் அந்தக் கொலையைவிட, ஒரு வருடம் பேசாமல் இருந்ததுதான் உறைக்கிறது. பின்னாளில் சொந்தக்காரர்களிடமும் அதே பொறுமைதான். கொலோன் அரசன் சிகெபெர்ட்டின் மகனிடம், உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கால் வேறு ஊனம், அவர் போனால் நாடு உனக்குத்தான் என்று ஆசை காட்டினான். மகன் அப்பனைக் கொன்றான். பிறகு அந்த மகனையும் ஆள் வைத்துக் கொன்று நாட்டை எடுத்துக்கொண்டான். காம்ப்ரே அரசன் ரக்னகார் உறவுக்காரன். அவன் ஆட்களுக்குத் தங்கக் காப்பு என்று பித்தளையில் முலாம் பூசிக் கொடுத்து விலைக்கு வாங்கினான். கை கட்டப்பட்டு வந்த ரக்னகாரிடம், கட்டுப்பட்டு நின்று நம் குலத்துக்கே அவமானம் தேடித் தந்தாயே என்று வெட்டினான். அவன் தம்பியிடம் திரும்பி, அண்ணனுக்கு உதவியிருந்தால் அவன் கட்டுப்பட்டிருப்பானா என்று கேட்டு அவனையும் வெட்டினான். எல்லாம் முடிந்து, எனக்கென்று சொந்தம் யாருமே இல்லையே என்று சபையில் புலம்பினானாம். துக்கத்தால் இல்லை, இன்னும் யாராவது மிச்சமிருந்தால் வெளியே வரட்டும், கொன்றுவிடலாம் என்றுதான் என்கிறார் கிரெகோரி.

அம்மா கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "இவனைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எழுந்து ஊரைச் சுற்றினோம். புனித ஜான் மடத்தின் முகப்பு என்னை அப்படியே நிறுத்தியது. இரண்டு உயரமான கூர்க்கோபுரங்கள், நடுவில் வட்ட ஜன்னல், ஆனால் ஜன்னலில் கண்ணாடி இல்லை, பின்னால் கோயிலே இல்லை. வட்டத்தின் வழியே மேகம் நகர்கிறது.

க்ளோவிஸ் போன பிறகு நான்கு மகன்களும் நாட்டைப் பங்கு போட்டபோது சுவாசோன் கடைக்குட்டி க்ளோத்தாருக்கு வந்தது. 561இல் இறந்த அவனை இந்த ஊரின் புனித மெதார் மடத்தில்தான் புதைத்தார்கள். க்ளோத்தாரின் மனைவி இன்குண்டா ஒருநாள், என் தங்கை அரெகுண்டாவுக்கு நல்ல இடமாக ஒரு மாப்பிள்ளை பாருங்கள் என்று கேட்டாள். இவன் போய்ப் பார்த்துவிட்டுத் தானே அவளைக் கட்டிக்கொண்டு வந்து, உன் தங்கைக்கு என்னைவிட நல்லவன் கிடைக்கவில்லை என்றான். அந்த அரெகுண்டாவின் கல்லறை 1959இல், பாரிஸை ஒட்டி பிரெஞ்சு அரசர்களைப் புதைத்த சேன் தெனி பேராலயத்தில் கிடைத்தது, பெயர் பொறித்த மோதிரத்தோடு.

மதியம் சாப்பாடு நன்றாக அமைந்தது. இந்த ஊர் பெரிய வெள்ளை அவரைக்குப் பேர் போனது. நம் பட்டர் பீன்ஸைப் போல ஒன்றரை மடங்கு பெரிது, வெந்தால் வாயில் வெண்ணெயாகக் கரைகிறது. இறைச்சி போடாமல் தக்காளியும் பூண்டும் மட்டும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய் கேட்டு வந்து சரி என்றார். 14 யூரோ. இந்த வகை அவரை அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், க்ளோவிஸ் சாப்பிட்டிருக்க வழியில்லை. அம்மா கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று கையை ஆட்டிக் கேட்க, கடைக்காரப் பாட்டி கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலக் காட்ட, இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

ஏப்ரல் 12, வெள்ளி, லான், ரான்ஸ்

சுவாசோனிலிருந்து லான் போய் அங்கே ரயில் மாற வேண்டும். மாற வேண்டிய ரயிலை ரத்து செய்துவிட்டார்கள், அடுத்ததற்கு இரண்டரை மணி நேரம். அறிவிப்புப் பலகையில் காரணம்கூட இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி வேறு. நடைமேடையில் எங்கள் பக்கத்தில் நின்ற பெண்ணும் அதே ரயிலுக்குத்தான் வந்திருந்தார். மழையில்லை, மலை மேலே பேராலயம் இருக்கிறது, என் அண்ணன் காரில் கொண்டு விடுவான் என்று அழைத்தார். முன்பின் தெரியாதவர். கோபுரத்தின் மேல் மூலைக்கு மூலை கல் எருதுகள், 16 எருதுகள், வானத்திலிருந்து தலையை நீட்டிக் கீழே பார்க்கின்றன. கோயில் கட்டக் கல் சுமந்து மலையேறிய மாடுகளுக்கு நன்றியாக வைத்தது என்று அந்தப் பெண் சொன்னார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். ரயில் ரத்தானதில் வந்த எரிச்சல் அங்கேயே போய்விட்டது.

ரான்ஸ் போய்ச் சேர இரவு எட்டாகிவிட்டது.

ஏப்ரல் 13, சனி, ரான்ஸ்

திடீரென்று நல்ல வெயில். நான்கு நாளாகப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

இந்தப் பேராலயத்தின் நடுத்தளத்தில் ஒரு கல். "இங்கே புனித ரெமி, ஃபிராங்குகளின் அரசன் க்ளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்" என்று பொறித்திருக்கிறது. நாற்காலிகளுக்கு நடுவே இருப்பதால் தெரியாமல் தாண்டிப் போய்விடலாம், நாங்களும் ஒருமுறை தாண்டிப் போய்த்தான் திரும்பி வந்தோம். ஒரு கிறிஸ்துமஸ் நாள், 496 என்று பழைய கணக்கு, 498 என்றும் 508 என்றும் வாதம் உண்டு. அரசனோடு 3,000க்கும் மேல் வீரர்கள் தண்ணீரில் இறங்கினார்கள் என்பது கிரெகோரி கணக்கு.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் அம்மாவுக்குச் சொல்ல நினைத்தேன். க்ளோவிஸின் மனைவி க்ளோத்தில்டா பர்கண்டி அரச வீட்டுப் பெண், கிறித்தவள். அவள் அப்பாவை அவர் சகோதரரே கொன்றுவிட்டார். முதல் குழந்தை இங்கோமெர் பிறந்ததும், கணவன் சம்மதிக்காதபோதும் அவள் ஞானஸ்நானம் கொடுத்தாள். அந்த வெள்ளைத் துணி உடம்பில் இருக்கும்போதே குழந்தை இறந்துபோனது. க்ளோவிஸ் கத்தினான்: என் தெய்வங்களிடம் ஒப்படைத்திருந்தால் பிழைத்திருப்பான். அடுத்த குழந்தை க்ளோடோமெர். அதற்கும் அவள் ஞானஸ்நானம் கொடுத்தாள். அதுவும் காய்ச்சலில் விழுந்தது. இதுவும் அண்ணன் வழியில்தான் போகும் என்றான் இவன். பிழைத்துக்கொண்டது.

அம்மா அந்தக் கல்லைப் பார்க்கவே இல்லை. "இரண்டாவதுக்கும் கொடுத்தாளா? அந்தக் காய்ச்சல் ராத்திரியை எப்படிக் கழித்திருப்பாள்?" என்று கேட்டார். எங்களுக்கு மூத்ததாக ஒரு குழந்தை இருந்து மூன்றாம் மாதம் போய்விட்டது. அம்மா அதைப் பற்றி அபூர்வமாகத்தான் பேசுவார், இன்றும் பேசவில்லை. கோடியில் இருக்கும் ஓவியர் ஷாகலின் நீலக் கண்ணாடி ஜன்னல்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். 1974இல் வைத்தவை. வெயில் வந்தால் தரை முழுக்க நீலம். அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

மதியம் நடந்து புனித ரெமி தேவாலயம் போனோம். ரெமி 22 வயதில் ஆயராகி, எழுபது வருடத்துக்கும் மேல் அந்தப் பதவியில் இருந்தவர். அண்ணன் க்ளோவிஸோடு ஞானஸ்நானம் வாங்கிய தங்கை அல்போஃப்ளெடா கொஞ்ச நாளிலேயே இறந்துவிட, ரெமி க்ளோவிஸுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் இன்றும் இருக்கிறது. துக்கத்தை உதறிவிட்டு எழுந்து நாட்டைப் பார் என்று சொல்லும் கடிதம். அப்படி எழுதும் அளவுக்கு அவன் உடைந்துபோயிருந்தான் என்றுதானே அர்த்தம். சொந்தத்தையெல்லாம் வெட்டியவன்தான், தங்கைக்காக அழுதும் இருக்கிறான். அல்போஃப்ளெடா யார் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய கடன் தீர்ந்தது.

ரான்ஸின் இளஞ்சிவப்பு பிஸ்கோத்தை ஷாம்பெயினில் தோய்த்துத் தின்பார்களாம், நாங்கள் காபியில் தோய்த்தோம். மேலே சீனித்தூள், காபிக்குள் போனதும் மெத்தென்று ஆகிறது. ஒரு பொட்டலம் 6 யூரோ, பேரனுக்கு இன்னொன்று. இரவு ரயிலில் பாரிஸ்.

ஏப்ரல் 14, ஞாயிறு, பாரிஸ், சேன் தெனி

சித்திரை ஒன்று. லா ஷப்பேலில் அறை எடுத்திருந்ததால் காலையிலேயே மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போனோம். தெரு முழுக்கப் பட்டுப் புடவை, மல்லிகை வாசனை. வரிசையில் முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் திரும்பி, "எந்த ஊர், பிள்ளை? அம்மாவோட வந்தனீங்களோ?" என்று கேட்டு, அம்மாவின் காலைப் பார்த்துவிட்டுத் தன் இடத்தைக் கொடுத்தார். தோசை 6 யூரோ, சாம்பார் கொதிக்கக் கொதிக்க. ஐந்து நாளுக்குப் பிறகு அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நாங்கள் தோசை சாப்பிட்ட தெருவின் பெயர் ஃபோபூர் சேன் தெனி. பாரிஸிலிருந்து சேன் தெனிக்கு அரசர்களின் சவ ஊர்வலம் போன பழைய பாதை. இன்று அதில் மளிகைக் கடையும் நகைக் கடையும், பலகையெல்லாம் தமிழில்.

சேன் தெனி பேராலயம் நண்பகலுக்குத்தான் திறந்தது. ஊரே 2024 ஒலிம்பிக்குக்காகத் தோண்டிப் போட்டுக் கிடந்தது. உள்ளே குளிர்ச்சி, எங்கு திரும்பினாலும் கல்லில் படுத்திருக்கும் அரசர்கள். க்ளோவிஸும் இருக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த சிலை, அவன் எலும்பு இங்கே இல்லை. அவன் முகத்தை நான் இவ்வளவு நாள் தேடியிருக்கிறேன், ஆனால் நேரில் நின்றபோது எதுவும் தோன்றவில்லை. யாரோ ஒரு சிற்பி எழுநூறு வருடம் கழித்து நினைத்துப் பார்த்த முகம்.

அவன் மகன் சில்டெபெர்ட்டின் சிலை இன்னும் பழையது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. கையில் தான் கட்டிய கோயிலைச் சின்னதாக ஏந்திப் படுத்திருக்கிறான். அங்கேதான் நான் அந்தக் கதையைச் சொன்னேன்.

காய்ச்சலில் பிழைத்தானே க்ளோடோமெர், அவன் 524இல் போரில் செத்தான். மூன்று பையன்களையும் பாட்டி க்ளோத்தில்டா பாரிஸில் தன்னோடு வைத்து வளர்த்தாள். அவர்கள் பெரியவர்களானால் பங்கு கேட்பார்கள் என்று சித்தப்பாமார் சில்டெபெர்ட்டும் க்ளோத்தாரும் பயந்தார்கள். முடிசூட்டப் போகிறோம், அனுப்பி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பாட்டி மகிழ்ந்துபோய்ச் சாப்பாடு போட்டு அனுப்பி வைத்தாள். பிறகு ஒருவன் அவளிடம் வந்தான். ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் உருவிய வாள். எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றான்.

இந்தக் குலத்துக்கு முடிதான் அரசு. பிறந்ததிலிருந்து வெட்டாத நீண்ட முடி இருப்பவன்தான் அரசனாகலாம், வெட்டிவிட்டால் அவன் யாரோ. பாட்டி என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், அரசாளப் போவதில்லை என்றால் முடி இழந்து பார்ப்பதைவிடச் செத்துப் பார்ப்பதே மேல் என்று சொல்லிவிட்டாள். வந்தவன் அவள் மறுபடி யோசிக்கக் காத்திருக்கவில்லை, ஓடிவிட்டான்.

பத்து வயதுப் பையனை க்ளோத்தார் அக்குளில் கத்தியால் குத்தினான். ஏழு வயதுப் பையன் சில்டெபெர்ட்டின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைக் காப்பாற்றுங்கள் சித்தப்பா என்று அழுதான். சில்டெபெர்ட்டும் அழுதான், இவனை விட்டுவிடு, என்ன கேட்டாலும் தருகிறேன் என்று தம்பியிடம் கெஞ்சினான். தள்ளிவிடு, இல்லையென்றால் உன்னையும் கொல்வேன் என்றான் க்ளோத்தார். சில்டெபெர்ட் தள்ளிவிட்டான். மூன்றாவது பையன் க்ளோடோவால்டை மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள். அவன் பின்னாளில் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் க்ளூ என்ற ஊருக்கு அவன் பெயர்தான்.

அம்மா சில்டெபெர்ட்டின் சிலைப் பக்கமாகக் குனிந்தார். "இவன்தானே அழுதவன்? அழுதுகொண்டே தள்ளிவிட்டானா?" கையில் இருந்த கல் கோயிலைப் பார்த்தார். அப்புறம் பேசவில்லை. கொஞ்சம் தள்ளி ஃபிரெடெகுண்டா என்ற இன்னொரு அரசியின் கல்லறைப் பலகை, க்ளோத்தாரின் மருமகள். உடையெல்லாம் சின்னச் சின்னக் கல் துண்டுகளால் அழகாக நிரப்பியிருக்கிறார்கள், முகத்தில் மட்டும் எதுவும் இல்லை, வரைந்திருந்த வண்ணம் அழிந்து வெறும் கல். அதையும் தாண்டி வந்துவிட்டார்.

இரவு அறையில் தம்பியோடு காணொலியில் பேசினோம். பேரனுக்கு முடி தோள் வரை தொங்குகிறது. ஆவணியில் ஊருக்குப் போய்க் குலதெய்வம் கோயிலில்தான் மொட்டை என்று இன்னும் கத்தரி படவில்லை, குழந்தைகள் காப்பகத்தில் எல்லோரும் பெண் குழந்தை என்றே நினைக்கிறார்களாம். அம்மா திரையில் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்து விளக்கை அணைத்த பிறகு இருட்டில், "அவள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாள். கையிலே வாளைப் பார்த்ததும் வாய் குழறியிருக்கும்" என்றார்.

ஏப்ரல் 15, திங்கள், பாரிஸ்

மறுபடி குளிர், நேற்றைய வெயில் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாந்தியோன் நினைவு மண்டபத்துக்குப் பின்னால் க்ளோவிஸ் தெரு. 511 நவம்பர் 27 அன்று, 45 வயது போல இருக்கும்போது அவன் இறந்தான். இங்கே இருந்த திருத்தூதர்கள் கோயிலில் புதைத்தார்கள், அவனும் க்ளோத்தில்டாவும் கட்டத் தொடங்கிய கோயில். 1807இல் அதை இடித்துத் தெருவாக்கிவிட்டார்கள். மணிக்கூண்டு ஒன்று மட்டும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மதிலுக்குள் நிற்கிறது. பள்ளிக்கு விடுமுறை, வாயில் பூட்டியிருந்தது.

"அந்தப் பையன்கள் எங்கே?" என்று அம்மா கேட்டார். இங்கேதான். இரண்டு பேரையும் பாடையில் வைத்துப் பாட்டியே பாட்டுப் பாடிக்கொண்டு இந்தக் கோயிலுக்குத்தான் எடுத்து வந்தாள். மகளும் இங்கேதான் வந்தாள். அவளுக்கும் க்ளோத்தில்டா என்றுதான் பெயர், ஸ்பெயினை ஆண்ட விசிகோத் அரசனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். மதம் மாற மறுத்ததற்குக் கணவன் அடித்தான். அவள் தன் ரத்தம் பட்ட துணியை அண்ணன் சில்டெபெர்ட்டுக்கு அனுப்பினாள். 531இல் அவன் படையோடு போய் மீட்டுக்கொண்டு வந்தான், வரும் வழியிலேயே இறந்துவிட்டாள். அவளையும் இங்கே அப்பா பக்கத்தில் வைத்தார்கள். கடைசியில் 544 அல்லது 545இல் பாட்டி டூர் நகரில் இறந்தாள். ஏழைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கையில் எதுவும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அவளை இங்கே கொண்டுவந்து கணவன் பக்கத்தில் அடக்கம் செய்தவர்கள் சில்டெபெர்ட்டும் க்ளோத்தாரும்.

"அவர்களேவா?"

"அவர்களேதான். வேறு மகன் உயிரோடு இல்லை."

அம்மா பள்ளி மதிலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சைக்கிளில் போன ஒரு பையன் நிறுத்தி, உடம்பு சரியில்லையா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். இல்லை என்று அம்மா அவன் கன்னத்தைத் தொட்டார். அவனும் தொட விட்டான்.

லக்சம்பர்க் தோட்டத்தில் பிரெஞ்சு அரசிகளின் பளிங்குச் சிலை வரிசையாக இருக்கிறது. க்ளோத்தில்டா எங்கே என்று அம்மாதான் தேடிக் கண்டுபிடித்தார், எழுத்துக் கூட்டி. தூறல் தொடங்கியிருந்தது. பச்சை இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தூர்னேயில் வாங்கிய 12 யூரோ குடையை விரித்தேன். பளிங்கில் மழை கோடு கோடாக இறங்கியது, நாங்கள் எழுந்தபோது மணி ஐந்து.

ஏப்ரல் 16, செவ்வாய், பாரிஸ், லீல்

ரயிலுக்கு முன்னால் ஒன்று மிச்சமிருந்தது. ரிஷலியூ தெருவில் தேசிய நூலகத்தின் அருங்காட்சியகம். தூர்னேயில் கிடைத்த புதையல் முதலில் ஆஸ்திரிய இளவரசர் கைக்குப் போய், வியன்னா போய், 1665இல் பதினான்காம் லூயிக்குப் பரிசாக வந்து இங்கே சேர்ந்தது. நெப்போலியன் தன் முடிசூட்டு அங்கியில் தேனீ வைத்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான். 1831 நவம்பரில் ஒரு ராத்திரி திருடர்கள் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பாதியை உருக்கிவிட்டார்கள், பாதியைப் பையில் கட்டி சேன் ஆற்றில் போட்டார்கள். முத்திரை மோதிரம் போயே போய்விட்டது. 300 தேனீயில் மிஞ்சியது இரண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த இரண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தலையும் உடம்பும் தங்கம், மடித்து வைத்த சிறகு இரண்டிலும் சிவப்புக் கல், கல்லுக்கு நடுவே முடி போல மெல்லிய தங்கக் கம்பி. விளக்கு பட்டால் சிறகு ரத்தச் சிவப்பு, கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் கறுப்பு. 1,500 வருடத்துக்கு முந்தைய கை வேலை. மகன் க்ளோவிஸ் பதினைந்து வயதில் அப்பாவைப் புதைத்தபோது பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருப்பான். இந்த எட்டு நாளில் அவன் கண் பட்ட பொருள் என்று நான் பார்த்தது இது ஒன்றுதான்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு நெருங்கிப் பார்த்தார். "இது தேனீ இல்லை. சிள்வண்டு."

ஆராய்ச்சியாளர்களில் சிலரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். "பின்னே, சிறகைப் பார்த்தால் தெரியாதா" என்றார்.

லீல் வந்து சேர இருட்டிவிட்டது. பேரன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். அம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டார், ரொம்ப நேரம் இறக்கவே இல்லை. அப்புறம் சுவாசோன் அவரையை ஊறப் போட்டார். இன்று மதியம் அதில் புளிக்குழம்பு.